குழாயின் கடைசி முழம்

மாவடிப்பள்ளியில் சுபஹுக்கு எழும்புகிறவர் சமையலறை டெப்பைத் திறந்து கேத்தலை நிரப்புகிறார். அது இரவு முழுக்கக் குழாய்க்குள் அசையாமல் கிடந்த தண்ணீர். பிள்ளையின் பால்மாவும் அதிலேயே கரைகிறது. குடிநீர் பற்றிய நமது பேச்செல்லாம் குளத்தையும் சுத்திகரிப்பு நிலையத்தையுமே சுற்றுகிறது. இந்தக் கேத்தல் கணக்கில் வருவதில்லை.

2004 சுனாமியில் அம்பாறைக் கரையோரக் கிணறுகள் உப்பேறிய பின், குழாய் நீரை மக்கள் நம்பியது நியாயமே. ஆனால், சுத்தமாகப் புறப்படும் நீரிலும் வழியில் ஈயம் சேரலாம். பித்தளை டெப், வால்வு, ஈயப் பற்றாசு, ஈயச் சேர்மம் கலந்து வார்த்த பிவிசி குழாய் ஆகியவையே அதன் இருப்பிடங்கள். நீர் அமிலத்தன்மை கொண்டிருந்தாலும் நெடுநேரம் தேங்கினாலும் ஈயம் கூடுதலாகக் கரையும்.

"எங்கட ஊரில் ஈயக் குழாயே இல்லையே" எனலாம். ஹொங்கொங்கில் 2015இல் 11 அரச குடியிருப்புத் தொகுதிகளின் நீரில் ஈயம் மிகுந்திருந்தது. பிரதான குழாயில் பிழையில்லை. கட்டடத்துக்குள் செப்புக் குழாய்களை இணைத்த பற்றாசுதான் காரணம். அமெரிக்காவின் பிளின்ட் நகரம் 2014இல் ஆற்று நீருக்கு மாறியபோது அரிப்புத் தடுப்புப் பொஸ்பேற்றைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் வீடுகளுக்குள் வந்தது.

இலங்கையின் எஸ்எல்எஸ் 614 தரம், லீற்றருக்கு 10 மைக்ரோகிராம் ஈயத்தையே அனுமதிக்கிறது. அதற்காக, அதற்குக் குறைந்த ஈயம் தீங்கற்றது என்று பொருளல்ல. விழுங்கிய ஈயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கை உறிஞ்சுவது சிறுவர் உடல், அடிபடுவது மூளை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஈயமோ, நீர் வற்ற வற்றச் செறியும்.

வீட்டில் செய்யக்கூடியது சிறிது உண்டு. காலையில் முதல் நீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள்; டெப் வாயிலுள்ள வலையைக் கழற்றிக் கழுவுங்கள். ஆனால், ஹார்ட்வெயார் கடையில் டெப்பைக் கையில் எடுத்துப் பார்த்து அதிலுள்ள ஈயத்தை யாராலும் சொல்ல முடியாது. அது அரசின் வேலை. பிவிசி குழாய்களில் ஈய நிலைப்படுத்திகளைக் கட்டுப்படுத்த இந்தியா 2021இல் விதி செய்தது. அமெரிக்காவில் நீர் தொடும் பாகங்களுக்கு 0.25 சதவீதமே எல்லை. இங்கும் கண்டிப்பான உச்சவரம்பும் கடைவரை செல்லும் சோதனையும் வேண்டும்.

நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் கேட்பது ஒன்றே: ஈயத்துக்கான மாதிரியை வீட்டு டெப்பில் எடுங்கள். அதுவும் பாலர் பாடசாலைகளிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகள் வருமுன், ஒரு சொட்டும் ஓடவிடாமல்.