உரிவது குறையல்ல

"ரப்பர் ஸ்ப்ரே உரிந்துவிடும், பெயிண்ட்தான் நிரந்தரம்" என்கிறார்கள். எதன்மேல் நிரந்தரம்? கார் கிரில்லின் குரோம் கண்ணாடிபோல வழவழப்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பிரைமர் அடிக்காவிட்டால், பெயிண்ட் அதில் செதில் செதிலாகப் பெயரும். தேய்த்துவிட்டாலோ பழைய பளபளப்பு திரும்பாது.

பிளாஸ்டி டிப் போன்ற ரப்பர் ஸ்ப்ரே சீக்கிரம் உரிகிறதென்றால், பெரும்பாலும் ஒன்றிரண்டு கோட்டோடு நிறுத்தியிருப்பார்கள். நாலைந்து கோட் கனமாக அடித்துப் பாருங்கள். வேண்டாமென்றால் ஓரத்தை நகத்தால் கிளப்பி ஒரே படலமாக இழுத்துவிடலாம். அடியில் குரோம் அப்படியே இருக்கும். பெட்ரோல் பட்டால் இளகும், உண்மைதான். டேங்க் மூடிப் பக்கம் அடிக்க வேண்டாம்.

சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்குக்குப் பெயிண்டே மேல். அங்கே ரப்பர் நுண்குழிகளில் புகுந்து உரிய மறுக்கும். அதற்காகக் குரோமுக்கும் அதையே சட்டமாக்குவது அநியாயம்.