காப்பி அடிங்க, தப்பில்லை!

நாலு வருஷத்துல எத்தனை ரெக்கார்ட் நோட்டு காப்பி அடிச்சிருப்பீங்க? எனக்குக் கணக்கே தெரியாது. அதுல ஒண்ணுகூட மனசுல நிக்கல. ஆனா போன செமஸ்டர்ல ஒரே ஒரு பொருளை மரத்துல காப்பி அடிச்சேன். அது நிக்குது.

டிபார்ட்மென்ட் நாடகத்துக்கு ‘தில்லானா மோகனாம்பாள்’ காட்சி ஒண்ணு போடறதா முடிவாச்சு. சிவாஜி கையில இருக்கிற நாதஸ்வரம் மாதிரி ஒரு டம்மி வேணும். “த்ரீடி பிரிண்ட் பண்ணிடலாம்டா, ஒரு நாள் வேலை”ன்னாங்க. எனக்கு மரத்துல செஞ்சு பார்க்க ஆசை. திருவானைக்காவல்ல எங்க வீட்டு மொட்டைமாடிதான் பட்டறை.

படத்தை நிறுத்தி நிறுத்தி, சிவாஜியோட கையையே அளவுகோலா வெச்சு நீளம் கணக்குப் போட்டேன். மலிவா கிடைச்ச ஒரு சதுரக் கட்டையை, ஒரு முனை சிறுத்து வர்ற மாதிரி இழைச்சேன். நாலு மூலையையும் சீவினா எட்டுப் பட்டை. அதையும் சீவினா பதினாறு. அப்புறம் அரம், உப்புத்தாள். கடைசல் மிஷின் இல்லாமலே உருண்டை வந்துடும். கீழே அனசுக்குப் பதிலா ஒரு புனல். துளைக்குப் பதிலா ஏழு கறுப்புப் பொட்டு.

எங்க தெரு நாதஸ்வரக்காரர்கிட்ட பெருமையா காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, “தம்பி, மிச்சம் அஞ்சு எங்கே?”ன்னார். நாதஸ்வரத்துல மொத்தம் 12 துளை. விரல் வைக்க 7; கீழ்ப்பகுதியில இன்னும் 5. அதுல மெழுகு வெச்சு அடைச்சு நாதத்தைச் சரிபண்ணுவாங்க. படத்துல அது என் கண்ணுலயே படல.

அடுத்த வாரம் கட்டை நீளவாக்குல வெடிச்சுது. ஈரம் காயாத மரம். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல புவிசார் குறியீடு கிடைச்சது ஞாபகம் இருக்கா? அங்கே ஆச்சா மரத்துல செய்வாங்க. அதுவும் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற மரம். ஏன் பழசுன்னு அப்பதான் புரிஞ்சுது: பல வருஷம் காஞ்ச மரம் சுலபத்துல வெடிக்காது. ‘சீசனிங்’னு ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணினது இதைத்தான்!

என் கருத்து இதுதான். காப்பி அடிக்கிறது தப்பில்லை. காரணம் புரியறதுக்கு முன்னாடியே நிறுத்திக்கிறதுதான் தப்பு. சிவாஜியும் அந்தப் படத்துல நிஜமா வாசிக்கல. வாசிச்சது மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள். ஆனா 1968-ல வந்த படத்தை இன்னிக்குப் போட்டுப் பாருங்க, சந்தேகமே வராது. வாத்தியத்தைப் பிடிக்கிற விதத்தோட அவர் நிறுத்திக்கல. மூச்சு, கன்னம், விரல்னு வாசிக்கிறவரோட உழைப்பையே காப்பி அடிச்சார்.

த்ரீடி பிரிண்டரை நான் குறை சொல்லல. ஆனா ஃபைலை இறக்கி பட்டனை அமுக்கியிருந்தா டம்மியும் வெடிச்சிருக்காது, எனக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ஃபைனல் இயர் ப்ராஜெக்டையே காசு கொடுத்து வாங்கறவங்க நம்மகிட்ட இருக்காங்க. வைவால “இது ஏன் இப்படி?”ன்னு கேட்டா முழிக்கறோம். அந்தக் கேள்விதானே இன்ஜினியரிங்?

வெடிப்பைப் பசை போட்டு ஒட்டி, மிச்சம் அஞ்சு பொட்டும் வெச்சுத்தான் மேடை ஏத்தினோம். ஜூனியர்ஸ், இந்த லீவுல உங்களுக்குப் பிடிச்ச படத்துலேர்ந்து ஒரு மரப்பொருளைத் தேர்ந்தெடுங்க. கையால காப்பி அடிங்க. முடிச்சதும், அதை நிஜமா புழங்கறவர் ஒருத்தர்கிட்ட கொண்டுபோய்க் காட்டுங்க.