மாமல்லபுரத்தில் மனை வாங்குகிறீர்களா?

பட்டாவும் வில்லங்கச் சான்றும் சரியாக இருந்தால் மட்டும் இங்கே போதாது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி உண்டு. ஆனால், அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம் போன்ற சின்னங்களின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக வீடு கட்ட முடியாது. சிற்பத்திலிருந்து அல்ல, எல்லையிலிருந்து அளக்க வேண்டும்! 2010-ல் திருத்தப்பட்ட மத்தியச் சட்டம் அப்படி. அதைத் தாண்டிய 200 மீட்டருக்குள் கட்ட, தனியாகத் தடையில்லாச் சான்று வேண்டும். தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரை அதற்கு அவசியம். கடலோர மனைக்குக் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் வேறு.

100 மீட்டருக்குள் பூர்வீக வீடு இருக்கிறதா? 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடம் என்றால், பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம். தாத்தா காலத்து வீட்டு வரி ரசீதைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.