மன்னரின் பேனா யார் கையில்?

1834 நவம்பரில் பிரிட்டன் மன்னர் நான்காம் வில்லியம் பிரதமர் மெல்பர்னை வீட்டுக்கு அனுப்பினார். காமன்ஸ் சபையில் மெல்பர்னின் தரப்புக்குப் பெரும்பான்மை இருந்தது. மன்னருக்குத்தான் அந்த அமைச்சரவையைப் பிடிக்கவில்லை. ராபர்ட் பீலை அழைத்துப் பதவியில் அமர்த்தினார். 1835 ஜனவரியில் தேர்தல் நடந்தது. பீலுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. சபையில் தோல்விக்கு மேல் தோல்வி கண்டு ஏப்ரலில் விலகினார். மன்னர் அதே மெல்பர்னைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. அதன்பின் எந்த பிரிட்டிஷ் அரசரும் ஒரு பிரதமரை நீக்கத் துணியவில்லை.

நீக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கும் உரிமையும் அப்படித்தான். ஸ்காட்லாந்துப் படை மசோதாவை 1708இல் ஆன் அரசி மறுத்ததே கடைசி. அதுவும் அமைச்சர்கள் சொல்லித்தான்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது பணம். நாடாளுமன்றத்தின் சம்மதமின்றி வரி விதிக்கவோ, அமைதிக் காலத்தில் படை வைத்திருக்கவோ கூடாது என்றது 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம். போருக்கும் நிர்வாகத்துக்கும் அரசர் சபையிடம்தான் கையேந்த வேண்டும் என்றானபின், சபையைச் சம்மதிக்க வைக்கத் தெரிந்தவர்தான் அமைச்சராக நிலைக்க முடிந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த முதலாம் ஜார்ஜுக்கு ஆங்கிலம் சரியாக வராததால்தான் அமைச்சரவை வலுப்பெற்றது என்று கதை சொல்வார்கள். சுவையான கதை, அவ்வளவே. 1721 முதல் பிரதமராகக் கோலோச்சிய வால்போல் 1742இல் விழுந்தபோது இரண்டாம் ஜார்ஜின் ஆதரவு அவருக்கு இருக்கத்தான் செய்தது. சபை கைவிட்டதும் அந்த ஆதரவால் பயனில்லை.

ஆனால் அரசரிடமிருந்து நழுவிய அதிகாரங்கள் மறைந்துவிடவில்லை; பல பிரதமரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தன. 2019இல் பிரெக்சிட் நெருக்கடியின் நடுவே நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கிவைக்க பிரதமர் போரிஸ் ஜான்சன் ஆலோசனை சொன்னார். இரண்டாம் எலிசபெத் அதை ஏற்றார். மறுத்திருந்தால் கட்சி அரசியலில் அவரே இறங்கியதாக ஆகியிருக்கும். செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமித்து அந்த முடக்கம் செல்லாது என்றார்கள். மன்னரை அடக்கப் பழகிய அமைப்பு, மன்னர் பெயரில் நடக்கும் பிரதமரை அடக்க நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது.

அதிலிருந்து கற்றுக்கொண்டார்களா என்றால், இல்லை. நாடாளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரத்தை 2022ஆம் ஆண்டுச் சட்டம் மறுபடி மன்னர் பெயருக்கு, அதாவது பிரதமரின் விருப்பத்துக்கு, மாற்றியது. அந்தக் கலைப்பை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.