பல்லில் இருப்பது பூச்சி இல்லை, பசை!

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்றொரு ஊர் இருக்கிறது. மழை அரித்து அரித்து மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் களிமண் பூமி. அங்கே பொறுமையாகக் குனிந்து தேடுகிறவர்களுக்குச் சுறாப் பல் கிடைக்கிறது. விளையாட்டுக்குச் சொல்வதில்லை! சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அந்த இடம் கடல். சுறாவுக்கு எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். அது பெரும்பாலும் மக்கி மண்ணாகிவிட்டது. பல் மட்டும் பளபளப்புக்கூடப் போகாமல் நிற்கிறது.

அந்தக் காரைக்குப் பக்கத்து ஊரிலேயே எட்டு வயதுப் பிள்ளைக்கு, முளைத்து இரண்டு வருஷம் ஆன கடைவாய்ப்பல் கறுத்துக் குழி விழுந்துவிடுகிறது. மண்ணுக்குள் கோடி வருஷம் தாங்குகிற சாமான் வாய்க்குள் இரண்டு வருஷம் ஏன் தாங்கவில்லை?

வீட்டில் கேட்டால் "பூச்சி அரிச்சிடுச்சு" என்பார்கள். கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு, அந்தப் புகையை வாயில் பிடித்துப் பூச்சியை இறக்குகிற வைத்தியம் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் புதிதில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாபிலோனியர்களும் பல்லுக்குள் புழு இருக்கிறது என்றே நம்பினார்கள், ஐரோப்பியர்களும் 18-ஆம் நூற்றாண்டு வரை அதையேதான் சொன்னார்கள். 1728-ல் பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சுப் பல் மருத்துவர், தேடிப் பார்த்தும் புழு எதுவும் கண்ணில் படவில்லை என்று எழுதினார். பெர்லினில் வேலை பார்த்த மில்லர் என்ற அமெரிக்கர் பிடுங்கிய பற்களை ரொட்டியோடும் எச்சிலோடும் ஊற வைத்து, கிருமிகள் உண்டாக்குகிற அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது என்று 1890-ல் புத்தகமே போட்டார்.

சரி, அமிலம் என்றால் எச்சில் அதைக் கழுவிக்கொண்டு போய்விடாதா? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

பல்லைத் தேய்த்து முடித்த சில நிமிடங்களில் எச்சிலில் உள்ள புரதங்கள் பல்லின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலமாகப் படிந்துவிடும். அந்தப் படலத்தைப் பிடித்துக்கொள்ள வசதியான உறுப்புகள் சில கிருமிகளுக்கு உண்டு. அவை முதலில் வந்து உட்காரும். அவற்றின்மேல் அடுத்தவை தொற்றிக்கொள்ளும். பெருந்திருட்டுக்காரன் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924-ல் லண்டனில் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்துப் பெயர் வைத்த கிருமி. இது சர்க்கரையைத் தின்பதோடு நிற்பதில்லை. அதே சர்க்கரையை வைத்துக் குளுக்கன் என்ற பசையையும் காய்ச்சுகிறது! தண்ணீரில் கரையாத பசை. கொப்பளித்தால் போகாது, எச்சிலாலும் கழுவ முடியாது. அந்தப் பசைக்குள் உட்கார்ந்துகொண்டு அது அமிலத்தைக் கக்கும்போது, கீழே இருக்கிற எனாமலுக்குத் தப்பிக்க வழியே இல்லை. காலையில் நாக்கால் தடவினால் பல்லில் வழவழவென்று படுகிறதே, அந்த மாவுதான் இது.

அரியலூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சிமெண்டு ஆலைகளுக்கு வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லில் ஒரு சொட்டு அமிலம் விட்டால் நுரைத்துக் கரையும். பல்லிலும் இருப்பது கால்சியம்தான், ஆனால் பாஸ்பேட்டோடு சேர்ந்தது. அதனால் நுரைக்காது, சத்தமில்லாமல் கரையும். பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் எச்சில் அதைச் சரிக்கட்டிவிடும், கரைந்த கால்சியத்தையும் கொஞ்சம் திருப்பி வைக்கும். அதற்குள் அடுத்த டீ, அடுத்த மிட்டாய் என்று வந்துகொண்டே இருந்தால் எச்சில் பாவம், என்னதான் செய்யும்? ஒரே தடவையில் நாலு மிட்டாய் தின்பதைவிட, நாலு மிட்டாயை நாள் பூராவும் ஒவ்வொன்றாகச் சப்புவது பல்லுக்குக் கேடு.

எறையூரில் சர்க்கரை ஆலை, சுற்றிலும் கரும்பு. அதனால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வெள்ளைச் சர்க்கரைதான் விஷம், வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் ஒன்றும் செய்யாது என்று இப்போது பலரும் அடித்துப் பேசுகிறார்கள். வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். மியூட்டன்ஸ் கிருமி பசை காய்ச்சுவது குறிப்பாக அந்தச் சுக்ரோஸில்தான். அது நிறம் பார்ப்பதில்லை :)

பசைதான் எதிரி என்றால், காலையில் எழுந்ததும் மட்டும் பல் துலக்குகிற பழக்கம் பாதி வேலைதான். தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். இரவுச் சாப்பாட்டின் மிச்சத்தோடு கிருமிகளுக்கு ஏழெட்டு மணி நேரம் தடையில்லாத விருந்து. சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைக்கு முன்பற்கள் வரிசையாகப் போவது இதனால்தான். உமிக்கரியும் செங்கல்பொடியும் பசையைச் சுரண்டும், உண்மைதான். கூடவே எனாமலையும் சுரண்டும். ஃபுளோரைடு உள்ள பற்பசையை மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு வைத்து, ராத்திரி படுக்கப்போகும் முன் தேய்ப்பதற்கு ஈடில்லை. காரைச் சுறாப் பல்லின் மேற்பூச்சும் ஃபுளோரைடு கலந்த தாதுதான், சாதாரண எனாமலைவிட அமிலத்துக்கு மெதுவாகக் கரைவது. பற்பசை அதில் ஒரு சிறு பங்கை மனிதப் பல்லுக்கும் தருகிறது.

"விழுந்து முளைக்கிற பல்தானே" என்று விடுகிற வீடுகளில்தான் பெரிய நஷ்டம். ஆறு வயதில் பால்பல் வரிசைக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால்பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல். ஆழமான பள்ளங்களோடு வருவதால் பசை முதலில் பிடிப்பதும் அங்கேதான். சுண்ணாம்பு வைத்தாற்போல வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிற கட்டத்திலேயே பல் மருத்துவரிடம் காட்டினால், குடையாமல் ஃபுளோரைடு பூச்சாலேயே பல நேரம் நிறுத்திவிடலாம். கறுத்துக் குழி விழுந்தபின் அடைக்கத்தான் முடியும்.