முதல் இல்லாதவனுக்கு எதற்கு முதல் மேலாண்மை?

ஆன்லைன் போக்கரில் ஒருத்தன் பணத்தை விட்டுட்டா உடனே ஒரு வசனம் வரும். "அவனுக்கு பேங்க்ரோல் மேனேஜ்மெண்ட் தெரியலைப்பா." விபத்துல செத்தவனைப் பார்த்து ஹெல்மெட் போடலைன்னு சொல்ற மாதிரி. இந்த அறிவுரையை முழுப் பொய்னு சொல்ல முடியாது. பாதி உண்மை. அதனாலதான் இந்தப் போடு போடுது.

விஷயம் தெரியாதவர்களுக்கு: பேங்க்ரோல் என்றால் சீட்டாடுவதற்கென்றே தனியாக ஒதுக்கிய பணம். ஒரு மேஜையில் உட்கார 1000 ரூபாய் வேணும்னா, கையில் அதைப் போல 20, 30 மடங்கு இருக்கணும். டோர்னமெண்ட் என்றால் 50, 100 மடங்கு. பணம் குறைந்தால் கௌரவம் பார்க்காமல் சின்ன மேஜைக்கு இறங்கிடணும். கணக்குப்படி இதில் தப்பே கிடையாது. நன்றாக ஆடுகிறவனுக்கும் சீட்டே விழாத வாரங்கள் வரும், அதைத் தாண்டத்தான் இந்தக் கையிருப்பு.

ஆனால் இதற்கு அடியில் ஒரு நிபந்தனை இருக்கு. ஆடுகிறவன் நீண்ட நாள் கணக்கில் ஜெயிக்கிறவனா இருக்கணும். அவன் தோற்கிறவன் என்றால்? ஓட்டைக் குடத்தில் தண்ணியை நிதானமா ஊத்தினா மட்டும் நிறைஞ்சுடுமா?

ஒரு சின்ன கணக்கு. ஆறு பேர் ஆளுக்கு 1000 ரூபாயோடு உட்கார்கிறார்கள், மொத்தம் 6000. ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சராசரியாக 100 ரூபாய் சேருது, அதில் 5 சதவீதம் கம்பெனிக்குன்னு வைப்போம். மணிக்கு 60 ஆட்டம் என்றால் 300 ரூபாய் போச்சு. 20 மணி நேரம் ஆடினால் 6000! யாரும் புதுப் பணம் போடலைன்னா மேஜையில் ஒண்ணுமே மிஞ்சாது. ஆறு பேரும் ஒரே திறமை உள்ளவர்கள் என்றால் ஆறு பேரும் தோற்பார்கள். ஒருத்தன் ஜெயிக்கணும்னா மற்ற ஐந்து பேர் அவனுக்கும் கொடுக்கணும், கம்பெனிக்கும் கொடுக்கணும். இதுக்கு மேல வரி வேற. 2023 ஏப்ரல் முதல் நிகர வெற்றியில் 30 சதவீதம் பிடித்தம். அந்த அக்டோபரில் போடுகிற பணத்துக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் வந்தது.

இப்ப யோசிங்க, கட்டுப்பாடா ஆடுகிறவன் யாருக்கு லாபம்? ஒரே ராத்திரியில் 30,000ஐ தொலைச்சவன் மறுநாள் வரமாட்டான். அதையே 30 துண்டாக்கி மாசக்கணக்கில் ஆடுகிறவன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கப்பம் கட்டுகிறான். கம்பெனிக்கு வேண்டியது இந்த 'ஒழுக்கமான' வாடிக்கையாளர்தான். "பொறுப்போடு விளையாடுங்கள்" என்று விளம்பரத்தின் கடைசியில் ரயில் வேகத்தில் படிச்சதெல்லாம் வேற எதுக்கு?

இந்த ஒழுக்கத்துக்கு உதாரண புருஷராகக் காட்டப்படுகிறவர் அமெரிக்காவின் கிறிஸ் பெர்குசன். 2000ஆம் ஆண்டு போக்கர் உலகத் தொடரில் முதன்மைப் பட்டம் வென்றவர். 2006ல் சல்லிக்காசு போடாமல், இலவச டோர்னமெண்டில் ஆரம்பித்து 10,000 டாலர் சேர்த்துக் காட்டினார். எந்த மேஜைக்கும் கையிருப்பில் 5 சதவீதத்துக்கு மேல் கொண்டு போகக்கூடாது என்பது அவர் விதி. பிரமாதம். ஆனால் அவரும் சேர்ந்து நடத்திய புல் டில்ட் போக்கர் கம்பெனி என்ன ஆச்சு? 2011ல் அமெரிக்க அரசு தாக்கல் செய்த வழக்கின்படி, ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 390 மில்லியன் டாலர், வங்கியில் இருந்தது சுமார் 60 மில்லியன். 5 சதவீத விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தவன் பணமும் அதில்தான் மாட்டியது. (பின்னாளில் வேறொரு கம்பெனி புல் டில்டை எடுத்துக்கொண்ட பிறகுதான் பணம் திரும்பியது.)

சரி, நம்ம ஊருக்கு வருவோம். பி.காம். முதல் வருஷத்தில் சொல்லித் தருவது, தொழில் வேறு, முதலாளி வேறு. பேங்க்ரோல் ஆசாமிகள் சொல்வதும் அதேதான், வீட்டுப் பணம் வேறு, ஆட்டப் பணம் வேறு. புதுக்கோட்டை மாவட்டத்தில் இருபத்தி ரெண்டு வயசுப் பையனிடம் அப்படி 'வேறு பணம்' எங்கே இருக்கு? கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் ஆடி மாசம் மொய் விருந்து நடக்கும். லட்சக்கணக்கில் வசூலாகும். பார்க்கிறவனுக்கு அது வருமானம் மாதிரி தெரியும். உண்மையில் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் எதிரே நோட்டில் ஒரு பேர் இருக்கு, அவங்க விருந்து வைக்கும்போது கூடுதலும் சேர்த்துத் திருப்பிச் செய்யணும். இருப்புநிலைக் குறிப்பில் அது பொறுப்புப் பக்கம். 2018ல் கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்ச்சுட்டுப் போன பிறகும் மொய்க் கடன் நின்னுட்டுத்தான் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து அண்ணன் அனுப்பும் பணமும் அப்படித்தான். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன், தங்கச்சி கல்யாணம் என்று வரும்போதே பேர் எழுதி வரும். முழுசாப் போனாலும் பரவாயில்லை என்கிற பணத்துக்குத்தான் பேங்க்ரோல் என்று பேர். அது இல்லாதவனிடம் 30 மடங்கு வைத்துக்கொள் என்பது, சோத்துக்கு இல்லாதவனுக்கு டயட் சொல்வது மாதிரி.

"போக்கர் திறமை ஆட்டம், சென்னை உயர் நீதிமன்றமே 2023 நவம்பரில் சொல்லியாச்சு" என்பார்கள். சொன்னது உண்மைதான். திறமை ஆட்டம் என்றால் திறமை குறைந்தவன் கண்டிப்பாகத் தோற்பான் என்றும் அதற்கு அர்த்தம். அதை மட்டும் யாரும் சத்தமாச் சொல்றதில்லை. அவனவன் கட்டுப்பாடே போதும் என்றால், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்று தமிழ்நாடு 2025 பிப்ரவரியில் விதி போட வேண்டிய அவசியம் என்ன? அந்த விதியை அதே நீதிமன்றம் ஜூனில் சரி என்றது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாடே பார்க்காமல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடைச்சட்டம் நிறைவேற்றியது. நடத்துகிறவனுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். ஆடுகிறவனுக்குத் தண்டனை கிடையாது. பெரிய கம்பெனிகள் உடனே பண ஆட்டத்தை நிறுத்தின. அப்புறமும் வெளிநாட்டு ஆப் பேரைச் சொல்லி, "பேங்க்ரோலை மட்டும் ஒழுங்கா வச்சுக்க தம்பி" என்று கூடவே ஓதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க ஒரே கேள்விதான். அங்கே போட்ட பணம் திரும்பி வரலைன்னா, தம்பி எந்த ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுக்கணும்?