கொட்டிய சொல்லை அள்ள முடியுமா?

நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம். சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள் நம் பெரியவர்கள். சொல்லைக் கொட்டுவதையே தொழிலாகக் கொண்டு பெயரும் பதவியும் பெற்ற ஒருவரின் கதையை இம்முறை சொல்கிறேன். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தில் வளர்ந்தவர் லீ அட்வாட்டர். பிறந்தது 1951இல். அவருக்கு ஐந்து வயதிருக்கும்போது கொதிக்கும் எண்ணெய் கவிழ்ந்து அவருடைய தம்பி இறந்துபோனான். அந்த அலறல் வாழ்நாள் முழுவதும் காதில் கேட்டுக்கொண்டே இருந்ததாகப் பின்னாளில் சொன்னார். வலியை அறியாதவர் அல்லர் அவர். ஆனாலும் பிறரை நோகடிப்பதில்தான் வல்லவரானார்.

தேர்தலில் நிற்பவர்களுக்கு வழி சொல்லிக் கொடுப்பது அவர் தொழில். நம் ஆள் நல்லவர் என்று சொல்வதைவிட, எதிராளி கெட்டவர் என்று சொன்னால் சீக்கிரம் பலிக்கும் என்பது அவர் கணக்கு. 1980இல் டாம் டர்னிப்சீட் என்பவர் எதிரணியில் நின்றார். இளம் வயதில் மனச்சோர்வுக்காக மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவர் அவர். பட்ட நோயையே அட்வாட்டர் கேலிப் பொருளாக்கினார். டர்னிப்சீட் தோற்றார்.

1988இல் அதிபர் தேர்தல் வந்தது. மூத்த ஜார்ஜ் புஷ்ஷின் பிரசாரத்தை நடத்தியவர் அட்வாட்டர். எதிரே நின்றவர் மைக்கேல் டுகாகிஸ். மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர். நம் மந்திரி பெசாரைப் போல மாநிலத்தை நடத்துபவர். ஒரு கருத்துக் கணிப்பில் அவர் 17 புள்ளிகள் முன்னால் இருந்தார்.

அப்போதுதான் வில்லி ஹார்ட்டன் என்ற பெயர் நாடெங்கும் அடிபட்டது. அந்த மாநிலத்தில் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்ற கைதி அவன். 1986இல் வார இறுதி விடுப்பில் வெளியே போனவன் திரும்பவில்லை. மறு ஆண்டு மேரிலாந்தில் ஒரு வீட்டில் புகுந்து, ஆணைத் தாக்கி, பெண்ணைக் கெடுத்தான். டுகாகிஸோடு சேர்ந்து நிற்கும் வேட்பாளர் ஹார்ட்டன்தான் என்று மக்கள் எண்ணும்படி செய்வேன் என்றார் அட்வாட்டர்.

ஹார்ட்டனின் முகத்தைக் காட்டித் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வந்தது. அதை வெளியிட்டது வேறொரு குழு. எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றது புஷ் தரப்பு. ஆனால் கைதிகள் சுழல் கதவு வழியாக வெளியே வருவதைப் போல அவர்களும் ஒரு விளம்பரம் போட்டார்கள்.

ஹார்ட்டன் செய்த குற்றம் உண்மை. கொலைகாரர்களுக்கு விடுப்பு கூடாது என்ற மசோதாவை 1976இல் டுகாகிஸ் நிராகரித்ததும் உண்மை. ஆனால் அந்த விடுப்புத் திட்டத்தை 1972இல் தொடங்கியது, புஷ்ஷின் கட்சியைச் சேர்ந்த ஆளுநர்! அதை விளம்பரம் சொல்லவில்லை. ஹார்ட்டன் கறுப்பர், பாதிக்கப்பட்ட பெண் வெள்ளையர். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, படமே பேசிவிட்டது. முழுப் பொய் முச்சந்தியில் மாட்டிக்கொள்ளும். பாதி உண்மை நாட்டையே சுற்றி வரும்.

50 மாநிலங்களில் 40ஐப் புஷ் வென்றார். அடுத்த ஆண்டு அட்வாட்டர் கட்சித் தலைவரானார். 1990 மார்ச்சில் மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் சாய்ந்தார். மூளையில் புற்றுக்கட்டி.

நோயில் படுத்தபின் தாம் நோகடித்தவர்களின் முகங்கள் கண்முன் வந்தன போலும். டர்னிப்சீட்டுக்குக் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார். 1991இல் லைஃப் பத்திரிகையில், டுகாகிஸைப் பற்றித் தாம் பேசியது கொடூரம் என்று ஒப்புக்கொண்டு வருந்தினார். அதே ஆண்டு மார்ச் 29ஆம் நாள் கண்ணை மூடினார். வயது 40.

மன்னிப்பு வந்தது, நல்லதுதான். ஆனால் தேர்தல் முடிந்து போயிற்று. அவர் காட்டிய வழியில் இன்றும் பலர் நடக்கிறார்கள்.

இப்போது தொலைக்காட்சியும் வேண்டியதில்லை. நம் கையிலேயே கைப்பேசி இருக்கிறது. தேர்தல் நேரத்தில் யாரையாவது பழித்து ஒரு படம் வந்தால், அடுத்தவருக்கு அனுப்புமுன் சற்று நிதானியுங்கள். இது எதை மறைக்கிறது? எந்த இனத்தைக் கண்டு என்னைப் பயப்படச் சொல்கிறது? விடை தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள். கொட்டியவராலேயே அள்ள முடியாத சொல்லை நாம் ஏன் சுமந்து பரப்ப வேண்டும்?